சிவப்புப் பொட்டு வைத்த விசை

முதல் நாளே எனக்கு ஒரு எறா வாடா கைநழுவிப் போயிற்று.

காரைக்காலில் அரசுக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில், புத்தகம் கொடுத்து வாங்கும் கவுண்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று நடந்தது. மதியம் பக்கத்து நாற்காலிக்காரர் டிபன் டப்பாவைத் திறந்தார். நடுவில் முழு இறால் பதித்து, ஓரமெல்லாம் மொறுமொறுவென்று, வடை மாதிரி அரிசிமாவில் பொரித்த வாடா. "எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். நான் வளர்ந்தது திருநள்ளாற்றுக்கு மேற்கே ஒரு நெல் கிராமத்தில். எங்கள் பக்கத்தில் யார் எதை நீட்டினாலும் முதலில் "வேண்டாங்க" என்றுதான் சொல்ல வேண்டும். "அட, சும்மா எடுங்க" என்பார்கள். "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று ஒரு பொய் சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை தானாகத் தட்டில் விழும். நானும் முறைப்படி "வேண்டாங்க" என்றேன். அவர் "சரி" என்று டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தயிர்சாதத்தைப் பிசைந்தபடி, அந்த எறாவை அவர் நிதானமாகக் கடித்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பிறவியோ என்று மனசுக்குள் திட்டினேன்.

அவரை எல்லோரும் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். காரைக்கால் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள். என்னைவிட ஒரு வயது மூத்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் பிரின்ஸ்பால் வரைக்கும் லாத்தாதான். நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும்.

லாத்தா ஒரு கேள்வியை ஒரு தடவைதான் கேட்பார். ஒரு கேள்விக்கு ஒரு தடவைதான் பதில் சொல்வார். இதை நான் பெருமையாகச் சொல்வதா குறையாகச் சொல்வதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நான் நேர் எதிர். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை போனதும் சந்தேகம் வந்து திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பேன். பஸ் கண்டக்டரிடம் "காரைக்கால் போகுமா?" என்று கேட்டு ஏறி, உட்கார்ந்தபின் பக்கத்தில் இருப்பவரிடமும் கேட்பேன். இந்த இரண்டு பேரையும் ஒரே கவுண்டரில் உட்கார வைத்தது யார் செய்த வேடிக்கையோ.

காரைக்கால்மேட்டில் படகு வந்து மீன் ஏலம் முடிந்ததும் பெண்கள் சில்லறைக்கு வைத்து விற்பார்கள். லாத்தாவோடு சில முறை போயிருக்கிறேன். விலை கேட்பார். ஒத்துவந்தால் வாங்குவார், இல்லையென்றால் நகர்ந்துவிடுவார். "லாத்தா, கொறச்சுத் தர்றேன், திரும்பிப் பாருங்க!" என்று பின்னாலிருந்து கத்துவார்கள். திரும்ப மாட்டார். நல்ல வஞ்சிரமெல்லாம் அப்படிக் கையை விட்டுப் போயிருக்கிறது. அவருடைய வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து போன் செய்து, "இந்த லீவுல வரட்டுமா, அடுத்த வருஷம் பாக்கட்டுமா?" என்று கேட்டாராம். "வாங்க மச்சான்" என்றிருக்கிறார். "நெசமாத்தான் சொல்றியா?" என்று அவர் மறுபடி கேட்க, இவர் போனை வைத்துவிட்டார். மச்சான் அடுத்த வாரமே பெட்டியோடு வந்து இறங்கினார். இதைச் சொல்லிவிட்டு லாத்தா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஏன் இப்படி ஒருவர் ஆவார்? ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள். "சுனாமி அன்னைக்கு யாரோ ஓடுன்னு சொன்னப்ப திரும்பி நின்னு என்னன்னு கேட்டவங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க. அதப் பாத்ததுலேருந்துதான் இப்படி" என்று கேண்டீனில் ஒருவர் அடித்துச் சொன்னார். நான் அதை நம்பி, மெதுவாக, மிகுந்த பரிவோடு லாத்தாவிடம் கேட்டேன். "சுனாமி அன்னைக்கா? திருச்சியில எங்க மாமி வூட்ல இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கிக்கிட்டு இருந்தேன்" என்றார். அதோடு காரணம் தேடுவதை விட்டுவிட்டேன்.

மாணவர்களுக்கு அவர் என்றால் ஒரு பயம் கலந்த பிரியம். ஒருவன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகப் புளுகினான். லாத்தா அவன் முகத்தைப் பார்த்து, "குடுத்துட்டியா?" என்றார். "குடுத்துட்டேன் மேடம்." "சரி." கணக்கிலிருந்து எடுத்தேவிட்டார். நான் பதறினேன். சில நாள் கழித்து அந்தப் பையன் புத்தகத்தைக் கொண்டுவந்து, தலையைத் தூக்காமல் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனான். அவரிடம் பொய் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

ஆனால் அந்தக் குணம் என்னைச் சுட்டதும் உண்டு. என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது லாத்தா போன் செய்து, "நான் வரட்டுமா?" என்றார். "பரவால்ல லாத்தா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவர் வரவில்லை. கொசுக்கடியில் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, இவ்வளவுதானா இந்த மனுஷி என்று அழுதேன். திரும்பி வேலைக்கு வந்தபின் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "வரட்டுமான்னு கேட்டேன், வேணாம்னீங்க" என்றார் நிஜமாகவே புரியாமல். வேண்டாம் என்பது சில நேரம் வேண்டும் என்பதுதான் என்று அவருக்கு எப்படி விளக்குவது?

இப்படிப்பட்டவரிடம் போய் ஒரு மென்பொருள் 'ஆர் யூ ஷ்யூர்?' என்று கேட்டால் என்ன ஆகும்?

எங்கள் நூலக மென்பொருளில் ஒரு புத்தகத்தைத் திரும்ப வாங்குவது ஒரு சடங்கு. புத்தகத்தின் பார்கோடைக் காட்ட வேண்டும். மாணவனின் பக்கம் திறக்கும். 'திரும்பப் பெறு' என்பதை அமுக்க வேண்டும். 'நிச்சயமாகவா?' என்று ஒரு வெள்ளைக் கட்டம் வரும். ஆம் என்றால், 'இந்தப் பக்கத்தை மூடலாமா?' என்று இன்னொன்று. அதற்கும் ஓர் ஆம். பரீட்சை முடியும் வாரத்தில் கவுண்டரில் வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது, இந்த இரண்டு கேள்விகளும் லாத்தாவின் உயிரை எடுத்தன. "நிச்சயமா இல்லாமத்தான் அமுக்குறேனா?" என்று திரையைப் பார்த்துச் சண்டை போடுவார்.

அப்புறம் ஒரு நாள் அமைப்புகள் பகுதியைக் குடைந்துகொண்டிருந்தவர், கீபோர்டின் மேல்வரிசையில் சும்மா கிடக்கும் எஃப் விசைகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தொடர் வேலையை எழுதி வைக்கலாம் என்று கண்டுபிடித்தார். மேக்ரோ என்று அதற்குப் பெயர். திரும்பப் பெறு, ஆம், ஆம். மூன்றையும் எஃப் 3-க்குள் போட்டார். விசையை ஒரு தட்டு தட்டினால் வெள்ளைக் கட்டங்கள் கண்ணில் படுமுன் மறைந்துவிடும். எஃப் 2-க்குள் புத்தகம் கொடுப்பது, எஃப் 4-க்குள் தவணை நீட்டிப்பது. அன்று லாத்தா முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிள்ளை பெற்றவர் மாதிரி இருந்தார்.

"ஒங்க பொட்டுல மூணு குடுங்க" என்று என்னிடம் கேட்டார். கைப்பையில் நான் வைத்திருக்கும் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து கொடுத்தேன். எஃப் 3-க்குச் சிவப்பு, எஃப் 2-க்குப் பச்சை, எஃப் 4-க்கு மெரூன். கவுண்டரில் இருந்த மூன்று கம்ப்யூட்டரிலும் மேக்ரோ எழுதி, மூன்று கீபோர்டுக்கும் பொட்டு வைத்தார். தன் நெற்றியில் பொட்டு வைக்காத லாத்தா கீபோர்டுக்கு வைத்தது நூலகம் முழுக்கப் பேச்சாயிற்று. வரிசை விறுவிறுவென்று நகர்ந்தது. நூலகர் சார் பிரின்ஸ்பாலை அழைத்துவந்து காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

பிறகு ஒரு சனிக்கிழமை மென்பொருள் கம்பெனிக்காரர்கள் அவர்கள் ஊரில் இருந்தபடியே புது வெர்ஷனை ஏற்றினார்கள். சனிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. திருநள்ளாற்றுக்குக் கூட்டம் வரும் நாள், நான் ஊரைவிட்டே நகர மாட்டேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் திரை கொஞ்சம் நீலமாகியிருந்தது. மற்றபடி ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை. பொட்டு வைத்த விசைகள் வழக்கம்போல் வேலை செய்தன. ஒரே ஒரு முறை, லாத்தா எஃப் 3-ஐத் தட்டியபோது மறைந்த கட்டம் முன்பைவிடப் பெரிதாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

"லாத்தா, ஏதோ வந்துட்டுப் போச்சே?"

"எப்பவும் வர்றதுதான்."

"இல்ல லாத்தா, பெருசா..."

"சொல்லிட்டேன்ல" என்று அடுத்த புத்தகத்தை எடுத்தார்.

அடுத்த வாரம் ஒரு பேராசிரியர் வந்து ஒரு புத்தகம் கேட்டார். கம்ப்யூட்டரில் உள்ளே இருக்கிறது என்றது. அலமாரியில் இல்லை. இன்னொன்று கேட்டார், அதுவும் இல்லை. நூலகர் சாருக்கு வியர்க்க ஆரம்பித்தது. ஆய்வுக் குழு வரப்போகிற நேரம். அவரே ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு அலமாரி அலமாரியாகப் போனார். வரும்போது முகம் செத்திருந்தது. திரும்பி வந்ததாகப் பதிவான புத்தகங்களில் ஏகப்பட்டவை எங்கேயும் இல்லை.

திரும்பி வரும் புத்தகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி அலமாரியில் அடுக்குவது சிங்காரவேலுவின் வேலை. காரைக்கால்மேட்டுக்காரர். கடலில் தோள் இறங்கியதிலிருந்து வலை இழுக்க முடியாது. ஒப்பந்தத்தில் எங்களிடம் அட்டெண்டராக வந்தவர். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய வேலை, அந்த மாதம்தான் புதுப்பிக்கும் மாதம். வேறு போக்கிடம் அவருக்குக் கிடையாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நூலகர் சார் அவரை எங்கள் எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்டார்.

"கவுண்டர்ல வாங்கியாச்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. வண்டியத் தள்றது யாரு?"

"நாந்தான் சார்."

"அப்ப புக்கு எங்க?"

"வண்டியில இருந்தத எல்லாம் அடுக்கிட்டேன் சார்."

"எடுத்தியா?"

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. எடுத்தியா? யாருக்காவது குடுத்தியா? பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டியா?"

"இல்ல சார்."

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவேன். அப்பவும் இல்லன்னு சொல்லுவியா?"

அதற்கும் "இல்ல சார்" என்றார் சிங்காரவேலு. நாற்பது தாண்டிய மனிதர். அன்று சாயந்திரம் வாசலில் காவலாளி அவருடைய பையைக் கொட்டச் சொன்னார். மீன் குழம்பு காய்ந்த சாப்பாட்டு டப்பாவைக்கூடச் சிங்காரவேலு திறந்து காட்டினார். பையன்களும் பெண்களும் பார்த்துக்கொண்டே போனார்கள். அடுத்த நாளும் அதுதான். அதற்கு அடுத்த நாளும். கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் அவருக்கே தான் எடுத்தோமா என்ற சந்தேகம் வந்துவிடும்போல் இருந்தது. எனக்குமே, வெட்கமாக இருக்கிறது சொல்ல, ஒரு கணம் வந்தது.

அப்போது லாத்தா ஒரு வாரம் விடுப்பில் இருந்தார். படுக்கையில் கிடக்கும் அவருடைய உம்மாவுக்கு உடம்பு மோசமாகியிருந்தது. திரும்பி வந்த அன்று காலை நான் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுக்கொண்டே முக்காட்டைச் சரிசெய்தவர், நேராகப் போய்த் தள்ளுவண்டிப் பக்கம் நின்றிருந்த சிங்காரவேலுவின் முன்னால் நின்றார்.

"எடுத்தீங்களா?"

"இல்ல லாத்தா."

"சரி."

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ்வளவுதானா லாத்தா? அந்த ஆளு ஒரு வாரமா செத்துக்கிட்டு இருக்காரு."

"இல்லன்னுட்டாருல்ல. அப்ப வண்டியில ஏறவே இல்ல." கவுண்டர் மேஜையை விரலால் தட்டினார். "இங்கதான் எங்கயோ இக்கிது."

கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, என்னுடைய நூலக அட்டையை வாங்கினார். கைக்கு அகப்பட்ட இரண்டு புத்தகங்களை என் பெயரில் பதிந்து என்னிடம் கொடுத்தார். "ஒண்ண மட்டும் திருப்பிக் குடுங்க" என்றார். கொடுத்தேன். பார்கோடைக் காட்டிவிட்டு, சிவப்புப் பொட்டின் மேல் விரலை வைத்து ஒரு தட்டு தட்டினார். பிறகு என் பக்கத்தைத் திறந்தார்.

ஒன்றுமில்லை. என் பெயரில் ஒரு புத்தகமும் இல்லை என்றது திரை. இன்னொரு புத்தகமோ என் மடியில் இருந்தது.

லாத்தா மறுபடி இரண்டு புத்தகங்களை என் பெயரில் பதிந்தார். இந்த முறை விசையைத் தொடவில்லை. மௌஸைப் பிடித்து, புதிதாகக் கற்றுக்கொள்பவர் மாதிரி ஒவ்வொன்றாக அமுக்கினார். திரும்பப் பெறு. 'நிச்சயமாகவா?' ஆம். அடுத்த கட்டம் வந்து நின்றது. பெரிய கட்டம். அதை அவர் வாய்விட்டு, எனக்குக் கேட்கும்படி படித்தார். இந்த உறுப்பினரிடம் உள்ள மற்ற எல்லாப் புத்தகங்களையும் திரும்ப வந்ததாகப் பதியலாமா?

பக்கத்தை மூடலாமா என்று கேட்ட இடத்தில், புது வெர்ஷன் இதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கேள்விகளின் எண்ணிக்கை மாறவில்லை, அதனால் மேக்ரோ எங்கேயும் தடுக்கவில்லை. என்ன கேட்கிறார்கள் என்று பார்க்காமல் இரண்டாவது ஆமாவை அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. மூன்று கம்ப்யூட்டரிலும், ஒரு புத்தகம் திருப்பிய ஒவ்வொருவருக்கும்.

லாத்தா ஒரு மாணவனுக்குப் போன் போட்டார். கம்ப்யூட்டர் கணக்கில் அவனிடம் ஒன்றும் கிடையாது. "தம்பி, ஒங்கிட்ட லைப்ரரி புக் ஏதாவது இக்கிதா?" என்று கேட்டார். "இருக்கு மேடம், ரெண்டு. டியூ இன்னும் வரலையே?" என்று அவன் பயந்துகொண்டு சொன்னது எனக்கே கேட்டது.

போனை வைத்துவிட்டு எழுந்தார். "லாத்தா, கொஞ்சம் யோசிச்சு..." என்றேன். அவர் அதற்குள் பாதி தூரம் போயிருந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

நூலகர் சார் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்களுக்கு மேலே கொஞ்சம் அதிகாரம் இருந்தால் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். லாத்தா சொல்லச் சொல்ல அவருடைய கண் தன் மேஜைக் கம்ப்யூட்டருக்குப் போய்ப் போய் வந்தது. புது வெர்ஷனில் என்னென்ன மாறியிருக்கிறது என்று கம்பெனி அனுப்பிய மெயில் அதில் படிக்காமல் கிடந்தது பிற்பாடு தெரிந்தது.

"இது நிச்சயமா?" என்றார்.

"ஆமா சார். நான் எழுதின மேக்ரோதான்."

"உக்காருங்க மொதல்ல. கதவ சாத்தும்மா." நான் சாத்தினேன். குரலைத் தாழ்த்தினார். "இத எழுத்துல வச்சா ஒங்க மேலதான் வரும். அனுமதி இல்லாம சாஃப்ட்வேர்ல கைவச்சதா ஆகும். யானத்துக்குத் தூக்கிப் போடுவாங்க. ஒங்க உம்மா இருக்குற நெலமையில ஆந்திராவுல போய் உக்காருவீங்களா? மேக்ரோவ அழிச்சிருங்க. பசங்ககிட்ட புக்க மெதுவா வாங்கிக்கலாம்."

"சிங்காரவேலு?"

"அவரு கான்ட்ராக்ட்டு ஆளு. இந்த வருஷம் புதுப்பிக்கலன்னா அதோட முடிஞ்சிது. போலீஸு கீலீஸெல்லாம் நான் போக மாட்டேன். யாருக்கும் நஷ்டமில்ல." மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. "நல்லா யோசிச்சு நாளைக்கு வந்து சொல்லுங்க. இப்ப நீங்க எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல. சரியா?"

எங்கள் புதுச்சேரிப் பிரதேசத்தின் ஒரு துண்டு ஆந்திராவுக்குள் கிடப்பதுதான் யானம். அரசு ஊழியர்களுக்கு அந்தச் சொல்லே போதும், பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுங்கள் லாத்தா, ஒரே ஒரு ராத்திரி யோசியுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். உம்மாவுக்கு ஊட்டிவிட அந்த வீட்டில் அவரைத் தவிர ஆளில்லை.

"சொல்லிட்டேன் சார்" என்றார் லாத்தா.

"ரெண்டாவது வாட்டி கேக்குறேன். ஒங்க நல்லதுக்குத்தான் கேக்குறேன்."

லாத்தா எழுந்து கதவைத் திறந்துகொண்டு, எதிர்ச் சாரியில் இருந்த பிரின்ஸ்பால் அறைக்குப் போனார். அங்கேயும் ஒரே தடவைதான் சொல்லியிருப்பார், போன வேகத்தில் வந்துவிட்டார். கவுண்டருக்கு வந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். பாதித் தண்ணீர் புடவையில் கொட்டியது. மூடியைத் திரும்பப் போட்டார், அது திருகில் உட்காரவில்லை. உறுதியான மனுஷி, உள்ளே ஒன்றும் ஆடாது என்று அதுவரை நினைத்திருந்தேன். ஆடும். இன்னொரு தடவை கேட்க விட்டால் தன் பதில் மாறிவிடும் என்று அவருக்குப் பயமோ என்று அன்றைக்குத் தோன்றியது. அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் வந்த பிரியத்தை எப்படிச் சொல்வது? கட்டிக்கொள்ளவும் தோன்றியது, நாலு அறை விடவும் தோன்றியது.

மாணவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் புத்தகங்களை மீட்டோம். ஊரைவிட்டுப் போய்விட்ட சிலரிடமிருந்து வரவில்லை. வாசலில் பையைக் கொட்டச் சொல்வது நின்றது. யாரும் சிங்காரவேலுவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மேக்ரோக்களை எல்லாம் அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. லாத்தா அவரே உட்கார்ந்து அழித்தார். பொட்டுகளைப் பிய்க்க மட்டும் மறந்துவிட்டார், அல்லது விட்டுவிட்டார். பிறகு யானத்துக்கு மாற்றல் ஆணை வந்தது. உம்மாவை நாகூரில் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டார். அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் இந்த ஒரு விஷயத்தில் கேட்கவில்லை.

போகிற அன்று நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். புதுச்சேரி போய் அங்கிருந்து ரயில். சிங்காரவேலு வரவில்லை. ஒப்பந்தம் கையில் கிடைக்காத ஆள் எந்தத் தைரியத்தில் விடுப்புக் கேட்பார்? லாத்தா ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டார்.

"அவருக்கு ஆர்டர் வந்திருச்சா?"

"ஆயிருச்சு லாத்தா" என்றேன். முந்தின நாள் நூலகர் சார் வராந்தாவில் போகிறபோக்கில், "அதெல்லாம் ஆயிடும்மா" என்று சொல்லியிருந்தார்.

லாத்தா தலையை ஆட்டினார். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். நான் கையை அசைக்கத் தூக்கினேன். அப்போது லாத்தா முக்காடு நழுவ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"நெசமாவா? கண்ணால பாத்தீங்களா?"

அத்தனை வருஷத்தில் அவர் ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்டு நான் கேட்டது அது ஒன்றுதான். பஸ் திரும்பி வெளியே போய்விட்டது. நான் அந்த ஆணையைக் கண்ணால் பார்க்கவில்லை. நான் சொன்னது அந்த மேக்ரோ சொன்ன மாதிரி ஓர் ஆமா.

ஆட்டோ பிடித்து நேராகக் கல்லூரிக்குப் போனேன். அலுவலகத்தில் கேட்டால், நூலகர் சாரின் கையெழுத்து இல்லாமல் ஃபைல் மேலே போகவில்லை என்றார்கள். சார் அறைக்குப் போனேன். ஃபைல் அவருடைய மேஜையின் ஓரத்தில், மதியச் சாப்பாட்டுப் பைக்கு அடியில் இருந்தது.

"சார், சிங்காரவேலு ஃபைல்."

"ஆய்வு முடியட்டும்மா. அடுத்த வாரம் பாப்போம்."

"அடுத்த வாரம்னா தேதி தாண்டிருமே சார்?"

"பாத்துக்கலாம், போம்மா."

நான் போகவில்லை. எனக்கு வாய்த்த குணம் அது ஒன்றுதான், அதைத்தான் எடுத்தேன். தேதி தாண்டினால் என்ன ஆகும் சார் என்று கேட்டேன். இன்றைக்கே போட்டால் என்ன சார் என்று கேட்டேன். அவர் போனில் பேசினார், காத்திருந்து மறுபடி கேட்டேன். டீ வந்தது, குடித்து முடிக்கும்வரை நின்று மறுபடி கேட்டேன். "ஒனக்கு என்னதாம்மா வேணும்?" என்று கத்தினார். "கையெழுத்துப் போட்டுருவீங்களா சார்?" என்றேன். கடைசியில் பேனாவை எடுத்து, தாள் கிழிகிற அழுத்தத்தில் போட்டார். நானே ஃபைலை அணைத்துக்கொண்டு பிரின்ஸ்பால் அறைக்குப் போய், அங்கேயும் நின்று, ஆணையில் சீல் விழுவதைப் பார்த்தேன். அதைச் சிங்காரவேலுவின் கையில் கொடுத்தேன். அவர் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தள்ளுவண்டி மேல் சாய்ந்து நின்றார்.

கவுண்டரில் வந்து உட்கார்ந்தேன். போனை எடுத்தேன். லாத்தா அந்நேரம் சிதம்பரம் தாண்டியிருப்பார். 'பாத்துட்டேன் லாத்தா. கண்ணால பாத்தேன்' என்று எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. 'சரி.'